அவசரத்துக்கு வேற இன்ஜின் ஆயில் ஊத்தலாமா? கார் வெச்சிருக்கிறவங்க கவனத்துக்கு!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கும் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, இரவில் திருவள்ளூர் திரும்பிக்கொண்டிருந்தோம். கவரைப்பேட்டை தாண்டியதும் ஒரு திருப்பத்தில், மீட்டரில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. அப்பா உடனே காரை ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தினார். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால், நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை.

எங்கள் பெட்ரோல் காருக்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயில். அருகிலிருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 15டபிள்யூ-40 மினரல் ஆயில்தான் இருந்தது. பெட்ரோல் இன்ஜினுக்கும் ஏற்றது என்று கேனில் அச்சிட்டிருந்தார்கள்.

"வேற ஆயிலைக் கலந்தா இன்ஜின் ஜாம் ஆகிடும்மா. மெதுவா ஓட்டிட்டே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் அப்பா. பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், இந்த இரண்டில் இன்ஜினை உண்மையில் ஜாம் ஆக்கக்கூடியது, ஆயில் இல்லாமல் ஓட்டுவதுதான்!

கலந்தால் என்ன ஆகும்?

இன்ஜின் ஆயில் என்பது அடிப்படை எண்ணெயும், தேய்மானத்தைக் குறைத்து அழுக்கை அகற்றும் ரசாயனங்களும் சேர்ந்த கலவை. மினரலும் சிந்தெடிக்கும் தண்ணீரும் எண்ணெயும்போலப் பிரிந்து நிற்காது. கடையில் விற்கும் 'செமி சிந்தெடிக்' ஆயிலே இந்த இரண்டின் கலவைதான். ஏ.பி.ஐ தரச்சான்றுக்கு, ஓர் ஆயில் மற்ற ஆயில்களோடு பிரியாமல் கலக்கிறதா என்ற சோதனையும் உண்டு.

ஆனால் நஷ்டம் இல்லாமல் இல்லை. 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கும். 'டபிள்யூ' என்றால் வின்டர். இரண்டாவது எண், இன்ஜின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்வது. 30-ம் 40-ம் கலந்தால் கிடைப்பது இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் சேர்க்கும் ரசாயனங்களின் அளவும் வேறு. அதனால் சிந்தெடிக் ஆயிலை நம்பி நீண்ட கிலோமீட்டர் ஓட்டும் கணக்கு இந்தக் கலவைக்குப் பொருந்தாது. வீடு போய்ச் சேர உதவும்; அடுத்த சர்வீஸ்வரை ஓட்டுவதற்கு அல்ல.

இதையெல்லாம் கலக்கவே கூடாது!

* பி.எஸ்-6 டீசல் கார்: புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும். இதற்குச் சாம்பல் குறைவாக வரும் ஆயில்தான் தேவை. கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. ஃபில்டர் மெள்ள அடைத்துக்கொள்ளும்.

* பைக்: பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கார் ஆயிலோ ஸ்கூட்டர் ஆயிலோ ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். கேனில் 'ஜாசோ எம்.ஏ' அல்லது 'எம்.ஏ-2' என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

* கம்பெனி ஆயில்: சிப்காட் தொழிற்சாலைகளின் மெஷின்களில் ஓடும் ஹைட்ராலிக் ஆயிலும் பார்க்க இன்ஜின் ஆயில் போலவே இருக்கும். 'ஆயில்தானே' என்று காரில் ஊற்றிவிடாதீர்கள். கரியைக் கழுவும் ரசாயனங்கள் அதில் இருக்காது. கியர் ஆயில், பிரேக் ஆயிலுக்கும் இதே தடைதான்.

எப்படி ஊற்றுவது?

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் காத்திருங்கள். டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். உங்கள் காரின் கிரேடே கிடைத்தால், வேறு பிராண்டாக இருந்தாலும் அதுவே முதல் சாய்ஸ். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானால் ஆயில் நுரைத்துவிடும். நுரை இன்ஜினைக் காப்பாற்றாது. சீல் உடைந்த கேனையும், லூஸில் விற்கும் ஆயிலையும் தவிர்த்துவிடுங்கள்.

ஊற்றிய பிறகும் சிவப்பு விளக்கு அணையவில்லையா? ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். டோ செய்து கொண்டுபோவதுதான் வழி. அந்த விளக்கு, ஆயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்று சொல்கிறது. அழுத்தம் இல்லையென்றால் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. சில நிமிடங்களிலேயே இன்ஜின் பாழாகிவிடலாம்.

எங்களுக்கு விளக்கு அணைந்தது. நிதானமாகவே ஓட்டி வீடு வந்துசேர்ந்தோம். அந்த வாரமே பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றினோம். அப்போதுதான் தெரிந்தது, டிரெயின் போல்ட்டின் வாஷர் தேய்ந்து, ஆயில் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. ஆயில் குறைந்தால் ஊற்றுவதோடு நிறுத்தாமல், ஏன் குறைந்தது என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்போது எங்கள் கார் டிக்கியில் அதே 5டபிள்யூ-30 ஆயில் ஒரு லிட்டர் எப்போதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு டிப் ஸ்டிக்கைப் பார்ப்பது அப்பாவின் புதுப் பழக்கம். உங்கள் காரில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?