பந்தை விட்டுக்கொடுக்கவும் கற்றுக்கொண்ட ஸ்பெயின்: ‘டிக்கி-டாக்கா’ ஆட்டம் மாறியது எப்படி?

2024 ஜூன் 15, பெர்லின். யூரோ கோப்பையில் தனது முதல் ஆட்டத்திலேயே குரோஷியாவை 3-0 என்று வீழ்த்தியது ஸ்பெயின். ஆனால், ஸ்கோரைவிட அதிகம் பேசப்பட்டது இன்னொரு கணக்கு. அன்று அதிக நேரம் பந்தை வைத்திருந்தது குரோஷியாதான்! நட்பு ஆட்டங்களைத் தவிர்த்துப் பார்த்தால், 2008 யூரோ இறுதிப் போட்டிக்குப் பிறகு ஸ்பெயினுக்கு இப்படி நடந்ததே இல்லை. ‘அட, ஸ்பெயினா இப்படி ஆடுது?’ என்று ரசிகர்கள் புருவம் உயர்த்தினார்கள். பந்தைப் பிடித்தால் விடவே விடாத அணி என்று பேர் வாங்கிய ஸ்பெயின் ஏன் மாறியது? அதனால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன?

சீற்றத்திலிருந்து பாஸுக்கு

ஸ்பெயின் எப்போதும் பாஸ் ஆடும் அணியாக இருந்ததில்லை. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றபோது அந்த அணிக்குக் கிடைத்த பட்டம் ‘ஃபூரியா’, அதாவது சீற்றம். முட்டி மோதி, உடல் பலத்தைக் காட்டி ஆடுவதுதான் ஸ்பெயின் ஆட்டம் என்று பல தலைமுறைகள் நம்பின. ஆனால் 1964-ல் சொந்த மண்ணில் வென்ற ஐரோப்பியக் கோப்பைக்குப் பிறகு 44 ஆண்டுகள் பெரிய கோப்பை எதுவும் வரவில்லை.

பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸ் இதைத் திருப்பிப் போட்டார். அவர் கையில் இருந்தது சாவி, இனியஸ்டா, டேவிட் சில்வா போன்ற வீரர்கள். உயரம் 5 அடி 7 அங்குலத்தைச் சுற்றித்தான். இவர்களை மோதவிட்டால் தோல்வி நிச்சயம். ஆனால், இவர்களிடமிருந்து பந்தைப் பறிப்பது கஷ்டம். அப்படியானால், மோதலே வராத மாதிரி ஆடினால் என்ன? குட்டிக் குட்டி பாஸ், ஓயாத இடமாற்றம். இதற்குத்தான் ‘டிக்கி-டாக்கா’ என்று பெயர் வந்தது. 2008 யூரோ கோப்பை கைக்கு வந்தது.

பந்தே கேடயம்

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. டிக்கி-டாக்கா வெறும் தாக்குதல் ஆட்டம் இல்லை, அது தற்காப்பும்கூட. பந்து எங்ககிட்ட இருந்தா நீங்க எப்படி கோல் போடுவீங்க? இவ்வளவுதான் அதன் தர்க்கம்.

2010 உலகக் கோப்பையே இதற்குச் சாட்சி. பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கேயின் அணி 7 ஆட்டங்களில் அடித்தது வெறும் 8 கோல். வாங்கியதோ 2 கோல் மட்டுமே. நாக் அவுட் சுற்றில் போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி, நெதர்லாந்து என நான்கு அணிகளையும் 1-0 என்றே வென்றது. ‘போரடிக்குது’ என்று சிலர் முணுமுணுத்தாலும் கோப்பை ஸ்பெயினிடம்தான். 2012 யூரோ இறுதியில் இத்தாலியை 4-0 என நொறுக்கியபோது அந்த முணுமுணுப்பும் அடங்கியது.

ஆயிரம் பாஸ், கோல் எங்கே?

வெற்றிபெறும் சூத்திரத்துக்கு மாற்று மருந்து கண்டுபிடிக்கப்படும். இதற்கும் கண்டுபிடித்தார்கள். 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்து 5-1 என்றும், சிலி 2-0 என்றும் வீழ்த்த, நடப்பு சாம்பியன் முதல் சுற்றிலேயே வெளியேறியது.

அடுத்து வந்தது இன்னும் எளிய மருந்து. பந்தைப் பறிக்கவே போகாதே, கோல் முன்னால் சுவர் எழுப்பி நில்! 2018-ல் ரஷ்யா அதைத்தான் செய்தது. ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்களை ஆடியது. முடிவு 1-1, பெனால்டி ஷூட் அவுட்டில் தோல்வி. 2022-ல் கத்தாரில் அதே கதை. லூயிஸ் என்ரிக்கேயின் அணி கோஸ்டாரிகாவை 7-0 என்று வென்றுதான் தொடங்கியது. ஆனால், மொராக்கோவுக்கு எதிராக 120 நிமிடம், மறுபடியும் ஆயிரம் பாஸ், கோல் பூஜ்யம். ஷூட் அவுட்டிலும் ஒரு பெனால்டிகூட உள்ளே போகவில்லை.

கேடயம் அப்படியே இருந்தது, வாள்தான் மழுங்கிவிட்டது. எல்லாரும் நடுக்களத்தில் கூடி பாஸ் ஆடினால், எதிரணியும் நடுவில் கூடி அடைத்துக்கொள்ளும். பந்து இடமிருந்து வலம், வலமிருந்து இடம் போகும். முன்னால் போகாது.

இரண்டு ஓரத்திலும் இரண்டு புயல்

2022 டிசம்பரில் பொறுப்பேற்றார் லூயிஸ் டி லா ஃபுவென்டே. பெரிய கிளப்களில் பேர் எடுத்தவர் இல்லை. ஆனால் 2019-ல் 21 வயதுக்கு உட்பட்டோர் யூரோவை வென்றவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கித் தந்தவர். ஃபேபியன் ரூயிஸ், டேனி ஓல்மோ, மிக்கேல் மெரினோ, ஓயர்சபால் எல்லாம் இளையோர் அணிகளில் அவரிடம் ஆடியவர்கள்.

அவர் பாஸ் ஆட்டத்தைத் தூக்கி எறியவில்லை. நடுக்களத்தில் ரோட்ரி இருக்கிறார், நிதானம் அப்படியே இருக்கிறது. மாறியது இரண்டு ஓரங்கள். வலது பக்கம் லமின் யமால், இடது பக்கம் நிக்கோ வில்லியம்ஸ். இருவரும் எதிரே நிற்பவரை ஏமாற்றித் தாண்டி ஓடுபவர்கள். இவர்களில் ஒருவரை ஒற்றை ஆளால் மறிக்க முடியாது, துணைக்கு இன்னொருவர் ஓடி வர வேண்டும். அவர் நகர்ந்த இடத்தில் நடுவில் ஓட்டை விழும். அங்கே ஓல்மோவோ ரூயிஸோ காத்திருப்பார். ஆயிரம் பாஸ்களால் உடைக்க முடியாத சுவர் இப்படித்தான் உடைந்தது. எதிரணி ஏறி வந்தால் இன்னும் வசதி. பந்தைப் பறித்த நொடியில் இவர்கள் ஓடத் திறந்த மைதானம் கிடைக்கும். அதனால்தான் பந்தை விட்டுக்கொடுக்க இந்த ஸ்பெயினுக்குப் பயம் இல்லை.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் மாறிய ஸ்பெயினும் இருக்கிறது. நிக்கோவின் பெற்றோர் கானாவிலிருந்து சஹாராவைக் கடந்து வந்தவர்கள். யமாலின் தந்தை மொராக்கோவைச் சேர்ந்தவர், தாய் எக்குவடோரியல் கினியாவைச் சேர்ந்தவர்.

2024 யூரோவில் 7 ஆட்டங்களிலும் வெற்றி, 15 கோல். பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தபோது யமாலுக்கு 17 வயதுகூட நிரம்பவில்லை. இங்கிலாந்துக்கு எதிரான இறுதியில் வலமிருந்து யமால் கொடுக்க, இடப்பக்கம் வந்த நிக்கோ அடித்தார். காயத்தால் இடைவேளையோடு ரோட்ரி வெளியேறிய பிறகு விழுந்த கோல் அது!

விலை என்ன?

வாள் கூர்மையானபோது கேடயம் கொஞ்சம் மெலிந்தது. 2025 ஜூன், நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக 5-1 என்று முன்னிலை. ஆட்டம் முடியும்போது 5-4! இறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டு முறை முன்னிலை பெற்றும் 2-2 ஆகி, ஷூட் அவுட்டில் கோப்பை கைநழுவியது. 2010-ன் ஸ்பெயின் 1-0 என்று முன்னிலை பெற்றால் ரசிகர் நிம்மதியாகக் கிளம்பலாம். இந்த ஸ்பெயின் நான்கு கோல் முன்னிலையில் இருந்தாலும் கடைசி விசில் வரை எழுந்திருக்க முடியாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. சாவி, இனியஸ்டா காலம் முடிந்த பிறகும் அவர்களுக்காகத் தைத்த சட்டையையே அடுத்த தலைமுறைக்கும் மாட்டிவிட்டதுதான் ஸ்பெயினின் தவறு. யமாலுக்கோ நிக்கோவுக்கோ காயம் என்றால், இந்தச் சட்டையும் வேறு யாருக்குப் பொருந்தும்? அதற்கான பதிலைத் தயார் செய்வதுதான் டி லா ஃபுவென்டேயின் அடுத்த வேலை.