உங்கள் தளம் கூகுளில் கிடைக்க எந்தச் சொற்களில் எழுத வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கி, ஓரளவு பழகியதும், நம் தொழிலுக்கென்று ஒரு வெப்சைட் அமைக்கும் ஆசை பலருக்கும் வந்துவிடுகிறது. அமைப்பதும் இப்போது எளிதுதான். ஆனால் கூகுளில் தேடினால் தளம் கண்ணில் படுவதில்லை. பல நேரங்களில் குறை டிசைனில் இல்லை. பக்கத்தில் எழுதியிருக்கும் சொற்களில் இருக்கிறது.

தேடும் கட்டத்தில் ஒருவர் டைப் செய்யும் சொற்களைத்தான் கீவேர்டு என்கிறோம். தேடுபொறி அந்த நொடியில் இணையம் முழுவதையும் அலசுவதில்லை. முன்பே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல் அட்டவணை போல ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. நாம் டைப் செய்ததும் அதைப் பார்த்துத்தான் விடை தருகிறது. ஒரே பொருள் தரும் வேறு சொற்களையும் இன்றைய தேடுபொறிகள் ஓரளவு புரிந்து கொள்கின்றன. ஆனால் பேச்சு வழக்கு கலந்த தமிழில் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மதுரையில் ஒருவர் வீட்டிலேயே ஆரி வேலை கற்றுத் தருகிறார் என்று வைத்துக் கொள்வோம். தன் தளத்தில் "பாரம்பரிய எம்பிராய்டரி கலைப் பயிற்சி மையம்" என்று எழுதுகிறார். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சேர நினைக்கும் பெண் "மதுரை ஆரி ஒர்க் கிளாஸ்" என்றுதான் டைப் செய்வார். இவர் பக்கத்தில் ஆரி, கிளாஸ் என்ற சொற்களே இல்லை!

எனவே, போனில் விசாரிப்பவர்கள் என்ன சொற்களில் கேட்கிறார்கள் என்பதை ஒரு வாரம் நோட்டில் எழுதி வாருங்கள். என்னைக் கேட்டால், இதைவிட நல்ல கீவேர்டு சாப்ட்வேர் கிடையாது. அடுத்து அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கூகுளில் டைப் செய்யுங்கள். என்டர் தட்டும் முன்பே கீழே சில வரிகள் விரியும். பெரும்பாலும் மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து வருபவை அவை. தமிழை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்பவர்களும் நிறைய. ஆகவே முக்கியமான பெயர்களைப் பக்கத்தில் ஓரிடத்தில் அப்படியும் எழுதி வையுங்கள்.

"தையல்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஏகப்பட்ட போட்டி. "மதுரை அண்ணாநகர் ஆரி ஒர்க் கிளாஸ்" என்று தேடுபவர்கள் குறைவுதான். ஆனால் அவர்கள் சேரும் எண்ணத்தோடு வருபவர்கள்.

சொற்களை எங்கே வைப்பது? முதலிடம் டைட்டிலுக்கு. பிரவுசர் டேபில் தெரிவதும், தேடல் முடிவில் பெரிய எழுத்தில் வருவதும் பெரும்பாலும் இதுதான். பலர் இதை "ஹோம்" என்றே விட்டுவிடுகிறார்கள். பிறகு பக்கத்தின் தலைப்பு, முதல் பத்தி, படங்களுக்குத் தரும் ஆல்ட் விளக்கம்.

மெட்டா கீவேர்டு என்ற மறைவான பட்டியலை நிரப்பித் தரப் பணம் கேட்பவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். 1990களில் அதற்கு மதிப்பு இருந்தது. தளக்காரர்கள் சம்பந்தமில்லாத சொற்களை அதில் கொட்டியதால் மதிப்புப் போயிற்று. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுளே அறிவித்துவிட்டது.

ஒரே சொல்லை வரிக்கு வரி திணிப்பதும் ஆபத்து. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் முடிவுகளிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கென்று சொற்களை நிரப்பிய பக்கங்களை வைத்து, வருபவரை வேறு பக்கத்திற்குத் திருப்பியதுதான் காரணம். அந்தப் பக்கங்களை எடுத்த பிறகு, சில நாட்களில் தளம் மீண்டும் சேர்க்கப்பட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் "அம்மா" என்று டைப் செய்தால், கம்ப்யூட்டருக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். தேடுபொறி பார்ப்பதும் அதையே. நோட்டீஸுக்கு டைப் செய்ததை அப்படியே தளத்தில் ஒட்டாமல் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். கடைப் பெயரையும் முகவரியையும் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் தாருங்கள்.

கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். தளம் உங்களுடையது என்று உறுதி செய்தால், எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதக் கணக்கு வரை காட்டும். நிறையத் தடவை காட்டப்பட்டும் யாரும் கிளிக் செய்யாத சொல் இருந்தால், அந்தப் பக்கத்தின் டைட்டிலை முதலில் மாற்றிப் பாருங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.