27.4 வாட்-மணி: ஒரு பழைய பேட்டரியின் வரவு செலவு

எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு நாள் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும், பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும். துணைமின் நிலையப் பராமரிப்பு வேலை. முதல் நாளே நாளிதழில் அறிவிப்பு வந்துவிடும். வேலூரில் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். அந்த 5 மணி நேரம் லேப்டாப் தாக்குப்பிடித்தால் அன்றைய கூலி முழுதாகக் கைக்கு வரும். ஜனவரி மாதத்து மின்தடையில் அது 2 மணி 20 நிமிடத்தில் அணைந்தது. அன்று மாலை, மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேட்டரிக்கு ஒரு கணக்குத் தொடங்கினேன்.

லேப்டாப் 2014-ல் வாங்கியது. 14 அங்குலத் திரை, நான்காம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய பிராசசரை ஏற்காது என்பதால் லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிவிட்டேன். பேட்டரி 2019-ல் மாற்றியது.

முதலில் இருப்பைப் பார்க்க வேண்டும். புதிதாக இருந்தபோது 48 வாட்-மணி பிடித்த பேட்டரி, இப்போது முழுச் சார்ஜில் 27.4 வாட்-மணிதான் பிடிக்கிறது, நூற்றுக்கு 57. திரையின் மூலையில் 100% என்று காட்டுகிறதே, அது 27.4-க்கு 100. அந்த விழுக்காட்டை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம். லினக்ஸில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற செயலியைத் திறந்தால் இந்த எண்கள் கிடைக்கும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொண்டு பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள்.

அடுத்தது செலவு. பவர்டாப் என்ற இலவச மென்பொருள், அடாப்டரைப் பிடுங்கிய பிறகு லேப்டாப் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும். என் வழக்கமான வேலையில், அதாவது ஒரு பி.டி.எஃப்., ஒரு எழுத்துக் கோப்பு, பிரவுசரில் 14 டேப் திறந்திருக்கையில், 11.8 வாட். 27.4-ஐ 11.8-ஆல் வகுத்தால் 2 மணி 19 நிமிடம். ஜனவரியில் அணைந்தது ஏதோ கோளாறால் அல்ல, கணக்குப்படிதான் அணைந்திருக்கிறது. 5 மணி நேரம் ஓட வேண்டுமானால் 5.5 வாட்டுக்குள் அடங்க வேண்டும். பேட்டரியைப் பெரிதாக்க முடியாது, செலவைக் குறைக்கலாம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் ஓடவிட்டு, சராசரியைக் குறித்தேன்.

தொடக்கம்: 11.8 வாட், 2 மணி 19 நிமிடம்
திரை வெளிச்சம் 100-லிருந்து 40-க்கு: 9.5 வாட், 2 மணி 53 நிமிடம்
டேப் 14-லிருந்து 4, விளம்பரத் தடுப்பான்: 8.4 வாட், 3 மணி 16 நிமிடம்
டி.எல்.பி. மென்பொருள்: 7.7 வாட், 3 மணி 33 நிமிடம்
ஃபேன் தூசி, புது தெர்மல் பேஸ்ட்: 7.4 வாட், 3 மணி 42 நிமிடம்
ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி.: 6.6 வாட், 4 மணி 9 நிமிடம்

திரைதான் பெரிய செலவாளி என்பது எதிர்பார்த்ததே. நான் எதிர்பாராதது கடைசி வரி. பிரவுசரைச் சுருக்கியபோது மிச்சமானது 1.1 வாட், கிடைத்தது 23 நிமிடம். எஸ்.எஸ்.டி. மிச்சப்படுத்தியது 0.8 வாட்தான், ஆனால் 27 நிமிடம் கிடைத்தது. வகுக்கும் எண் சிறியதாக ஆக ஆக, அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு வாட்டுக்கும் மதிப்பு ஏறுகிறது. 'இதனால் என்ன வந்துவிடப் போகிறது' என்று நான் விட்டுவைத்திருந்த ப்ளூடூத்தையும் கீபோர்டு விளக்கையும் அணைத்தது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான்.

டி.எல்.பி. பற்றி ஒரு சொல். அதை நிறுவினால் போதும். சும்மா கிடக்கும் யூ.எஸ்.பி., வைஃபை, சவுண்ட் கார்டு போன்றவற்றைத் தூங்கவைக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். பணச் செலவு என்றால் தெர்மல் பேஸ்ட்டுக்கு 150 ரூபாயும் எஸ்.எஸ்.டி.க்கு 1,900 ரூபாயும்தான்.

வீடியோவுக்குத் தனிக் கணக்கு. யூடியூப் பார்க்கும்போது லேப்டாப் 16.5 வாட் இழுத்தது. 1 மணி 40 நிமிடத்தில் பேட்டரி காலியாகிவிடும். காரணம் படத்தின் தரமோ இணைய வேகமோ இல்லை. யூடியூப் பெரும்பாலும் வி.பி.9 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை அனுப்புகிறது. அதை விரிக்கும் தனிச் சுற்று என் பிராசசரில் கிடையாது, மொத்தச் சுமையும் மூளையின் மேல் விழுகிறது. ஹெச்.264 என்ற பழைய முறைக்கு அந்தச் சுற்று உண்டு. ஹெச்264இஃபை என்ற பிரவுசர் இணைப்பைச் சேர்த்து, அந்தச் சுற்றைப் பயன்படுத்தும்படி பிரவுசரிலும் மாற்றியபின் அதே வீடியோ 9.8 வாட்டில் ஓடியது. 2 மணி 48 நிமிடம். ஆன்லைன் வகுப்பைப் பழைய லேப்டாப்பில் பார்க்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும்.

புதுப் பேட்டரி வாங்கியிருந்தால்? விசாரித்ததில் நல்ல பேட்டரிக்கு 3,200 ரூபாய் சொன்னார்கள். 48 வாட்-மணியை என் பழைய 11.8 வாட் பழக்கத்தால் வகுத்தால் 4 மணி 4 நிமிடம். 2,050 ரூபாய் செலவில், பழைய பேட்டரியிலேயே, அதைவிட 5 நிமிடம் கூடுதலாக ஓட்டுகிறேன். இதே 6.6 வாட்டில் புதுப் பேட்டரி போட்டால் 7 மணி 16 நிமிடம் வரும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வாட்டைக் குறைத்துவிட்டுப் பிறகு பேட்டரி வாங்க வேண்டும்.

பேட்டரியில் இருக்கும் மின்சாரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதையும் எழுதிப் பார்த்தேன். 48 வாட்-மணிப் பேட்டரியை 300 முறை முழுதாகச் சார்ஜ் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் தேய்வதையும் கழித்தால் அதன் ஆயுளில் நமக்குத் தருவது சுமார் 13 யூனிட். 3,200-ஐ 13-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 246 ரூபாய். சுவரிலிருந்து வரும் யூனிட்டுக்கு 5 ரூபாய் வைத்தால், ஒரு முழுச் சார்ஜுக்கு ஆகும் மின்கட்டணம் 30 பைசாகூட இல்லை. கரண்ட் பில்லைப் பார்த்து லேப்டாப்பை அணைக்கத் தேவையில்லை. பேட்டரியின் தேய்மானத்துக்குத்தான் அஞ்ச வேண்டும்.

தேய்ந்தது எப்படி? பேட்டரி பதிந்துவைத்திருந்த சார்ஜ் சைக்கிள் எண்ணிக்கை, அதாவது எத்தனை முறை முழுதாக நிரப்பித் தீர்த்தோம் என்பது, 418. ஆறேழு ஆண்டுகளுக்கு அது அதிகமில்லை. குற்றம் என் மேசைமேல் நடந்தது: எப்போதும் அடாப்டரைச் செருகி, எப்போதும் 100 சதவீதத்தில், வேலூர் மே மாதத்தில். கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யூனிவர்சிட்டியின் அட்டவணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்தாமல் சும்மா ஓராண்டு வைத்தாலும் தேயும். 25 டிகிரியில், 40% சார்ஜில் வைத்தால் மிஞ்சுவது 96. முழுச் சார்ஜில் வைத்தால் 80. 40 டிகிரியில் அதே இரண்டும் 85, 65. வெயிலும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. எங்கள் ஊரில் 40 டிகிரி என்பது செய்திகூட இல்லை.

அதே அட்டவணைத் தொகுப்பில் இன்னொன்றும் உண்டு. ஒரு செல்லை 4.2 வோல்ட் வரை நிரப்பினால் 300 முதல் 500 சைக்கிள், 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் 600 முதல் 1,000. கொள்ளளவில் பத்துப் பதினைந்து சதவீதம் விட்டுக்கொடுக்கிறோம், ஆயுள் இரட்டிக்கிறது. முன்பு போட்ட 246 ரூபாய்க் கணக்கு இப்படிச் செய்தால் சுமார் 145-க்கு இறங்குகிறது. பல லேப்டாப்களில் பயாஸிலோ நிறுவனத்தின் செயலியிலோ 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது, என்னுடையதில் டி.எல்.பி. வழியாகவே முடிந்தது. 80-ல் நிறுத்தினால் ஓட்டம் 3 மணி 19 நிமிடமாகக் குறையும். சாதாரண நாளில் அது போதும். மின்தடை அறிவிப்பு வரும் இரவு மட்டும் தூங்கப்போகும் முன் 100-க்கு மாற்றிவைக்கிறேன்.

ஒரு நஷ்டக் கணக்கும் நோட்டில் இருக்கிறது. என் தங்கை மகள் தன் லேப்டாப்புக்கு 1,400 ரூபாயில் ஒரு பேட்டரி வாங்கி வந்தாள். "பெரியம்மா, 5,200 எம்.ஏ.ஹெச். போட்டிருக்கு, நல்லதுன்னுதானே அர்த்தம்?" என்றாள். 10.8 வோல்ட்டை 5.2-ஆல் பெருக்கினால் 56 வாட்-மணி வர வேண்டும். முழுச் சார்ஜில் காட்டியது 34. சமையலறைத் தராசில் வைத்தோம்: 248 கிராம். உள்ளே இருக்க வேண்டிய 18650 வகைச் செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். ஆறு செல் மட்டுமே 270 வரும், பிறகு கூடும் சர்க்யூட்டும் வேறு. எட்டு மாதத்தில் அதன் கொள்ளளவு 19 வாட்-மணிக்கு வந்துவிட்டது. பாவம், அவள் பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் அது. பேட்டரி வாங்கப் போகிறவர்கள் லேபிளை விட்டுவிட்டு எடையைக் கேளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அன்றே கழற்றி மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கலாம்.

மே மாத மின்தடை அன்று இதையெல்லாம் சோதித்தேன். பழைய பேட்டரியின் கடைசிச் சொட்டை நம்ப முடியாது, உள்தடை கூடிவிட்டதால் முடியும் முன்பே அணையலாம். அதனால் 26 வாட்-மணி என்று எடுத்துக்கொண்டேன். 3 மணி 50 நிமிடம் வேலை, 6.6 வாட்டில், 25.3. மீதி 70 நிமிடம் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் மூடிவைத்தேன். தூக்க நிலையில் இழுப்பது அரை வாட்தான் என்பதால் அதற்கு 0.6. கூட்டினால் 25.9. பகல் 2 மணி 3 நிமிடத்துக்கு ஃபேன் சுற்றத் தொடங்கியபோது திரையில் 5% மிச்சமிருந்தது, 72 பக்கம் முடிந்திருந்தது.

புதுப் பேட்டரியை முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைக்கப்போவதில்லை. இந்த வெயிலில் அங்கேயே தேயும். முழுக் கொள்ளளவு 20 வாட்-மணிக்குக் கீழே இறங்கும் மாதம் 3,200 ரூபாயை எடுப்பேன். மாதம் முதல் தேதியன்று ஒரு வரி எழுதுகிறேன். ஜனவரி 27.4. பிப்ரவரி 27.3. இந்த மாதம் 27.0.