ஈயை விரட்டும் நறுமணம்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு துளி நல்லெண்ணெயும், சற்றுத் தள்ளி ஒரு துளி நீலகிரித் தைலமும் விடுங்கள். இரண்டும் கறையை உண்டாக்கும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் நல்லெண்ணெய்க் கறை அப்படியே இருக்கும். தைலத்தின் கறை பெரும்பாலும் மறைந்திருக்கும். இரண்டையும் எண்ணெய் என்றே சொல்கிறோம். ஆனால் தைலம் எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய். வீட்டு ஈயை ஒழிக்க இத்தகைய எண்ணெய்கள் எந்த அளவுக்கு உதவும்? விடை இந்தக் கறையிலேயே இருக்கிறது.

முதலில் ஈயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். ஈக்குக் கடித்துத் தின்னும் வாய் கிடையாது. உணவின்மேல் உமிழ்நீரைக் கக்கிக் கரைத்து, பிறகு அதை உறிஞ்சிக் குடிக்கிறது. சற்று முன்பு அது மலத்தின்மேல் உட்கார்ந்திருந்தால், அங்கிருந்த கிருமிகள் அதன் கால்களிலும் வயிற்றிலுமாக நம் சோற்றுக்கு வந்து சேரும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு முதலிய நோய்கள் இவ்வாறு பரவக்கூடும். இவற்றால் மிகுதியும் துன்புறுவோர் சிறு குழந்தைகளே.

1939இல் சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலார் பால் முல்லர், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைக் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அவர் பரிசு பெறும் முன்பே, சுவீடனிலும் இத்தாலியிலும் டி.டி.டி.க்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன! இது எப்படி? மருந்துக்குத் தப்பும் இயல்பு இயற்கையாகவே ஒரு சில ஈக்களிடம் இருக்கும். மற்றவை மடிய, இவை மட்டும் பிழைத்து இனம் பெருக்குகின்றன. ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஏறத்தாழ 500 முட்டைகள் இடக்கூடும். வெப்பமான பருவத்தில் முட்டை ஈயாக மாற 7 முதல் 10 நாட்களே போதும். ஆகவே தப்பிப் பிழைத்தவற்றின் கூட்டம் விரைவில் பெருகிவிடுகிறது.

எனவேதான் அறிவியலாரின் கவனம் தாவரங்களின் பக்கமும் திரும்பியது. பூச்சி கடிக்க வந்தால் செடியால் ஓட முடியாது. மணமுள்ள வேதிப்பொருள்களே அதன் காவற்படை எனலாம். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், தைலமரத்தின் இலையில் சினியோல், கிராம்பில் யூஜினால், சில வகைப் புதினாக்களில் மெந்தால் ஆகியவை உள்ளன. இவற்றின் ஆவி, ஈயின் உடலிலுள்ள மூச்சுத்துளைகள் வழியாக உள்ளே செல்கிறது. பூச்சிகளின் நரம்புகளில் செய்தி கடத்தும் ஆக்டோபமைன் என்னும் பொருளின் வேலையைச் சில எண்ணெய்ப் பொருள்கள் குலைக்கின்றன. ஓர் எண்ணெயில் பல பொருள்கள் கலந்திருப்பதால், அவை அனைத்தையும் ஈ ஒருசேர வெல்வது கடினம். ஆனால் முடியவே முடியாது என்று சொல்வதற்கில்லை.

தில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் புதினா, எலுமிச்சைப்புல் முதலியவற்றின் எண்ணெய்களை வீட்டு ஈயிடம் சோதித்தார்கள். அவை ஈக்களை விரட்டுவதோடு, புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் அழிக்கவல்லவை என்று கண்டார்கள்.

அப்படியானால் கடையில் ஒரு புட்டி வாங்கித் தெளித்துவிட்டால் போதுமா? இங்கேதான் தாளில் மறைந்த கறையை நினைவுகூர வேண்டும். மூடிய கண்ணாடிக் கலத்தில் ஆவி தங்கி நிற்கும். காற்றோட்டமுள்ள நம் சமையலறையிலோ சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். ஈக்களும் திரும்பி வந்துவிடும். நஞ்சு எஞ்சி நிற்காதது இந்த எண்ணெய்களின் சிறப்பு. நெடுநேரம் காவல் காக்காததும் அதே காரணத்தால்தான். எண்ணெயை நுண்ணிய உறைகளில் அடைத்து மெல்ல மெல்ல வெளிவரச் செய்யும் முயற்சிகள் நடந்து வருகின்றன.

ஓர் எச்சரிக்கை. செடியிலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள். நீலகிரித் தைலத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். உணவின்மேல் தெளிக்கவே கூடாது.

நாம் காணும் ஈக்கள் படையின் ஒரு பகுதியே. மீதியெல்லாம் சாணக்குவியலிலும் குப்பைத் தொட்டியிலும் புழுக்களாக நெளிந்துகொண்டிருக்கின்றன. வாரத்திற்கு இருமுறையாவது குப்பையை முழுதும் அகற்றினால், புழு ஈயாகும் முன்பே அதன் வளர்ப்பிடம் போய்விடும். எருக்குழியை மண்ணால் மூடுங்கள். உணவையும் மூடி வையுங்கள். இவற்றையெல்லாம் செய்த பிறகு, உணவு மேசையைத் துடைக்கும் நீரில் சில துளி எலுமிச்சைப்புல் எண்ணெய் கலந்துகொண்டால், தவறி உள்ளே வரும் ஈயைச் சற்று நேரம் விரட்டி வைக்க அது உதவும். குப்பையை அப்படியே விட்டுவிட்டு மணத்தை மட்டும் நம்பினால், ஓடிப்போவது ஈயாக இராது, எண்ணெயாகத்தான் இருக்கும்!