மண்ணரிப்பை முன்னறிய விண்கல மழைக்கணக்கு

நீலகிரிச் சரிவுகளில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடியானவர்கள், மழை மிகுந்தால் மண்ணும் மிகுதியாகப் போகுமென்று எண்ணுவது வழக்கம். உண்மையில் மழையின் அளவைவிட அதன் வேகமே பெரிது. 60 மில்லிமீட்டர் மழை ஒரு நாள் முழுதும் சீராகப் பெய்தால் மணிக்கு 2.5 மில்லிமீட்டராகும்; இரண்டே மணியில் கொட்டினால் 30 ஆகும். துளிகளின் மோதுவலிமையை அரைமணி நேரத்து உச்ச வேகத்தால் பெருக்கியே மழையின் அரிக்கும் சக்தி கணிக்கப்படுவதால், பின்னதன் சக்தி 12 மடங்கிற்கும் மேற்படும்.

தினம் ஒருமுறை பார்க்கும் மழைமானி இவ்வேற்றுமையைக் காட்டாது. 2014-ல் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய விண்கலத்தை ஆதாரமாகக் கொண்ட கணக்கோ, சுமார் 11 கிலோமீட்டர் சதுரத்திற்கு ஒன்றாக, அரைமணிக்கொரு மழையளவைத் தருகிறது. நிலத்தின் சாய்வு, மண்ணின் தன்மை, பயிரின் மறைப்பு ஆகியவற்றையும் இதனுடன் சேர்த்தால், எப்பகுதியில் முதலில் வரப்பிட வேண்டுமென்பது புலப்படும்.

ஆயினும் மலைப்பிரதேசத்தில் இதை அப்படியே நம்பலாகாது. முகட்டில் பெருமழையும் மறுபுறம் வெறுந்தூறலுமாக இருக்க, சதுரம் முழுமைக்கும் சராசரியே கிடைக்கும். ஆகவே கிராம அதிகாரிகள் மழைமானிப் பதிவை விட்டுவிடாமல், மழை தொடங்கிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் உடன் குறித்துவர வேண்டும். மேலிருந்து கீழாகப் பார் பிடித்திருப்போர், அக்டோபர் மழைக்கு முன்பே சரிவின் குறுக்கே மாற்றிக்கொள்வது நலம்.