தோட்டாக்களைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள்

திரைப்படம் என்றதும் ஆடலும் பாடலும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் எவரும் வேடம் புனையாமல், உள்ளதை உள்ளவாறே படம்பிடித்து, ஒரு நாட்டையே கேள்வி கேட்கும் படங்களும் உண்டு. இவற்றை ஆவணப்படம் என்கிறோம். அமெரிக்கரான மைக்கேல் மூர் எடுத்து 2002-இல் வெளிவந்த 'பௌலிங் ஃபார் கொலம்பைன்' அத்தகையது. மறு ஆண்டே சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது.

கொலம்பைன் என்பது கொலராடோ மாநிலத்திலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி. 1999 ஏப்ரல் 20-ஆம் நாள் அப்பள்ளியின் மாணவர் இருவர் துப்பாக்கிகளுடன் நுழைந்து, உடன் பயின்ற 12 பேரையும் ஆசிரியர் ஒருவரையும் கொன்று, பின் தம்மையும் மாய்த்துக்கொண்டனர். மாண்ட மாணவரில் 10 பேர் நூலகத்தில் இருந்தவர்கள். நம்மைப் போலப் புத்தகத்துடன் அமர்ந்திருந்தவர்கள்! கொலையாளிகள் கேட்ட இசையே அவர்களைக் கெடுத்தது என்று பலர் பழி கூறினர். அன்று காலை அவர்கள் பௌலிங் என்னும் பந்துருட்டும் விளையாட்டுக்கும் போனதாகப் பேச்சு. அப்படியானால் பந்தின் மீது ஏன் பழி இல்லை என்பதே தலைப்பிலுள்ள கேலி. (அவர்கள் அன்று விளையாடச் செல்லவில்லை என்று விசாரணையில் பின்னர் தெரிந்தது.)

படத்தின் தொடக்கமே நம்மைத் திகைக்க வைக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வங்கி, குறிப்பிட்ட வைப்புக் கணக்குத் தொடங்குவோருக்குத் துப்பாக்கி பரிசளிக்கிறது! மூர் கணக்கைத் தொடங்கி, துப்பாக்கியும் கையுமாக வெளியே வருகிறார். ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அந்நாட்டு அரசியல் சட்டத்தில் 1791-லேயே இடம்பெற்றது. மூரும் சிறுவயதில் குறிபார்த்துச் சுடுவதில் பரிசு வாங்கியவர்தாம்.

ஓராண்டில் துப்பாக்கியால் கொல்லப்பட்டவர்கள் என்று படம் தரும் கணக்கு இது: அமெரிக்காவில் 11,127 பேர், கனடாவில் 165 பேர். அமெரிக்காவின் மக்கள்தொகை கனடாவைப் போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அதைக் கழித்துப் பார்த்தாலும் ஏழு மடங்கு வேறுபாடு எஞ்சுகிறது. கனடாவிலும் வேட்டைத் துப்பாக்கிகள் ஏராளம். பின் காரணம் என்ன? அச்சமே என்கிறார் மூர். இரவு தோறும் தொலைக்காட்சி கொலையையும் கொள்ளையையும் காட்டுகிறது. பயந்தவர் கதவைப் பூட்டித் துப்பாக்கி வாங்குகிறார். கனடாவில் மூர் சில வீடுகளின் கதவைத் தள்ளிப் பார்க்க, அவை பூட்டாமலே திறந்துகொள்கின்றன.

நல்ல காட்சிதான். ஆயினும் முழு உண்மை அன்று. கனடாவில் 1934 முதலே கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். அதை மூர் அழுத்திச் சொல்லியிருக்கலாம். துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் அப்போதைய தலைவர் சார்ல்டன் ஹெஸ்டன் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் பேசியதை அடுத்தடுத்து ஒட்டிக் காட்டியதும் நமக்கு உடன்பாடில்லை. ('பத்துக் கட்டளைகள்' படத்தில் மோசேயாக நடித்தவர் இவரே.) 2000-இல் மிச்சிகனில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், தங்கியிருந்த வீட்டில் கிடைத்த கைத்துப்பாக்கியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று, அதே வயதுச் சிறுமியைச் சுட்டுக் கொன்றான். அவளுடைய படத்தை மூர் நீட்டியபோது, முதியவரான ஹெஸ்டன் விலகி நடந்துவிடுகிறார். பார்ப்பவர் உள்ளம் இரு பக்கமும் கனக்கிறது.

இப்படம் வந்தபின் நிலைமை சீர்பட்டதா? 2020-இல் அந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர் இறப்புக்குக் காரணமானவற்றில், வாகன விபத்தையும் முந்தித் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

எனினும் நம் மனத்தை விட்டகலாத காட்சி ஒன்றுண்டு. கொலம்பைனில் குண்டடிபட்டுப் பிழைத்த மாணவர் இருவர். ஒருவர் சக்கர நாற்காலியில். உடலில் இன்னும் தோட்டாக்கள் தங்கியிருக்கின்றன. அவை கேமார்ட் என்ற பெருங்கடையில் விலைக்கு வாங்கப்பட்டவை. 'உங்கள் சரக்கைத் திருப்பித் தர வந்தோம்' என்பதுபோல் இருவரும் மூருடன் அக்கடையின் தலைமை அலுவலகத்துக்கே போகிறார்கள். அதிகாரிகள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சமாதானம் சொல்லுகிறார்கள்; முடிவு மட்டும் சொல்லவில்லை. மாணவர்கள் கத்தவில்லை, யாரையும் ஏசவில்லை. பக்கத்திலுள்ள அதே நிறுவனத்தின் கடையில் இருந்த தோட்டாக்களை வாங்கிக்கொண்டு, மறுநாள் பத்திரிகையாளருடன் மீண்டும் வந்து நிற்கிறார்கள். இம்முறை நிறுவனத்தின் சார்பில் ஒரு பெண்மணி வந்து, 90 நாட்களுக்குள் எல்லாக் கடைகளிலும் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனை நிறுத்தப்படும் என்று அறிவிக்கிறார். மூருக்கே வியப்புத் தாங்கவில்லை. நன்றி சொல்லத்தான் வாய் வருகிறது.