வரத்துக்காலை மறக்கலாமா?

ஒரே மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய வீரத் தாயைப் புறநானூற்றில் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். அவர் பிறந்த ஊர் சிவகங்கைச் சீமையிலுள்ள ஒக்கூர்தான் என்பர்.

இச்சீமையில் வற்றாத ஜீவநதி ஏதும் இல்லை. வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் ஜனங்களையும் கால்நடைகளையும் காப்பாற்றி வந்தவை கண்மாயும் ஊருணியுமே. மேட்டு நிலத்து மழைநீர் வரத்துக்கால் வழியே கண்மாயை அடையும். அங்கிருந்து மடை வழியே வயலுக்குப் பாயும். மிஞ்சியது கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். செட்டிநாட்டு வீடுகளிலோ, ஓட்டுக் கூரையில் விழும் மழையை முற்றத்து அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள்.

இப்பொழுது ஊர்கள் வளர்கின்றன. மேட்டு நிலங்கள் வீட்டு மனைகளாகின்றன, சாலைகள் வருகின்றன. வேண்டியதுதான், வளர்ச்சியை வேண்டாமென்பார் யார்? ஆனால், ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் ஜலம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா? வரத்துக்காலைத் தூர்த்து மனை போட்டால், அந்த ஜலம் வீட்டு வாசலில் வெள்ளமாக நிற்கும். கண்மாயோ வறண்டு கிடக்கும். புல்லும் புதரும் போன செம்மண்ணை மழை கரைத்துச் செல்லும். வயலுக்கு உரமாக வேண்டிய மண் கண்மாயில் வண்டலாகப் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைக்கும். ஒரே தவற்றினால் மண்ணும் போயிற்று, நீரும் போயிற்று!

சட்டங்களுக்குக் குறைவில்லை. வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாயிற்று. பொதுப்பணித் துறை ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் சட்டம் பிறந்தது. பழைய குடிமராமத்து, 2017-ல் அரசாங்கத் திட்டமாக மீண்டும் உயிர் பெற்றது. அவ்வாண்டிலேயே விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. ஆயினும், கண்மாயை எவ்வளவு ஆழமாகத் தூர் வாரினாலும், நீர் வரும் வழி அடைபட்டிருந்தால் என்ன பயன்?

ஆகவே மனை வாங்கும் குடும்பத்தார், பத்திரத்தைப் பார்ப்பதோடு கிராமப் புலப்படத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும். அதில் ஓடையோ வாய்க்காலோ குறுக்கிட்டால், விலை எவ்வளவு மலிவானாலும் அந்த மனை நமக்கு வேண்டாம். முற்றத்தில் ஒரு பகுதியைச் சிமெண்டு பூசாமல் மண்ணாகவே விட்டு வைக்கலாம். ஐப்பசி பிறக்குமுன் ஊரார் கூடி வரத்துக்காலைச் சுத்தம் செய்யலாம்.

மாசாத்தியார் பாடிய தாய், ஊருக்காகத் தன் ஒரே மகனையே கொடுத்தாள். நம்மிடம் ஊர் கேட்பது, நீர் செல்ல ஒரு சிறு வழி மட்டுமே. அதைக் கொடுக்க நமக்கு மனமில்லையா?